நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

கரண்ட் பில் கட்டுகிறீர்களா? கட்டுங்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டில் வெளிச்சம் தெரிந்தால் கண் தானாகப் போகிறது. சேலம் போகிற வரைக்கும் வேறு எதைப் பார்ப்பது.

ஒன்று மட்டும் கேட்கிறேன் ஐயா. அந்தத் திரையில் மேலே, முகவரி இருக்கிற இடத்தில், சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரிகிறதா? சில போனில் இப்போது படத்தை எடுத்துவிட்டார்கள். படம் போனாலும் பூட்டு இருக்கிறது. நீங்கள் அடிக்கிற எண்ணையும் கடவுச்சொல்லையும் வழியில் எவனும் படிக்க முடியாதபடி குழப்பி அனுப்புவது அதுதான்.

அந்தப் பூட்டை யார் செய்தார்கள் என்று தெரியுமா?

தெரியாது. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. வயது அறுபத்தெட்டு.

என் பெயர் அய்யாவு. கரூர் பஸ் பாடி கட்டும் தொழிலாளர் சங்கத்தில் இருபத்தாறு வருஷமாகப் பொதுச் செயலாளர். அதற்கு முன்னால் ரிவெட் அடித்தவன். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த வண்டிக்கும் எங்கள் ஊரில்தான் பாடி கட்டியிருக்கிறார்கள். மேலே அந்தக் கம்பி ஆடுகிறது பாருங்கள். ரிவெட் அடிக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ போட்டிருக்கிறான். அது தொழிலாளி செய்த தப்பு இல்லை. அவன் கையில் ஸ்க்ரூவைக் கொடுத்தவன் வேறு ஆள்.

நான் மேடையில் பேசுவது போலப் பேசுகிறேன் என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் நினைக்கிறார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத் தமிழெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. வீட்டில் என் மனைவியிடம் மோர் கேட்டாலும் இப்படித்தான் கேட்பேன். அவள் சிரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று.

பஸ் பாடிக்காரனுக்கும் இந்தப் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன்.

எங்கள் சங்கத்துக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. கூலி ஒப்பந்தம் எல்லாம் அதில் போட்டிருப்போம். அதைவிட முக்கியமானது அதிலுள்ள புகார்ப் பக்கம். பட்டறையில் கண்ணாடி கொடுக்காமல் வெல்டிங் வைக்கச் சொல்கிறான், பெயின்ட் ஷெட்டில் காற்றாடி இல்லை, இப்படி எதுவானாலும் தொழிலாளி தன் போனிலிருந்து எழுதி அனுப்பலாம். யார் அனுப்பினார் என்று முதலாளிக்குத் தெரியாது. சங்க ஆபீசுக்கு நடந்து வந்து சொன்னால் தெரிந்துவிடும். எதிரே டீக்கடை பெஞ்சில் நாள் முழுக்க ஒருவன் உட்கார்ந்திருப்பான், யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கிறதற்கே. அதனால் எங்களுக்குப் பூட்டு வேண்டும். வாரத்துக்குப் பத்து, பதினைந்து புகார் வரும்.

அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நாகஜோதி என்று ஒரு பெண். அவளைப் பார்க்கத்தான் இப்போது சேலம் போகிறேன். என் பையில் அவளுக்கு ஒரு மெமோ இருக்கிறது. விளக்கம் கேட்டு.

அவள் அப்பா பெருமாள், பெயின்டர். ஷெட்டில் பெயின்ட் கரைக்கிற தின்னர் தீப்பிடித்து இரண்டு கையும் வெந்துபோனது. சங்கம் கேஸ் நடத்தியது. ஆறு வருஷம். ஜெயித்தோம். தீர்ப்பு வந்த அடுத்த வாரம் இந்தப் பெண் ஆபீசுக்கு வந்தாள். "நான் பிஎஸ்சி கம்ப்யூட்டர் படிச்சிருக்கறனுங்க. சங்கத்துக்கு ஏதாச்சும் டைப் அடிக்கறதா இருந்தா நான் அடிச்சுத் தர்றனுங்க" என்றாள். அடி என்றேன். ஒன்பது வருஷம் அடித்தாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் பகலில் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ஆபீஸ். நாங்கள் கேட்கவில்லை. அவளாக வந்தாள். இயக்கப் பணி என்றால் அப்படித்தான்.

முதன்முதலில் அந்தப் பூட்டை அவள் போட்டபோது நான் கேட்டேன், இதற்கு என்ன ஆகும் என்று.

"ஒண்ணும் ஆகாதுங்க தோழர். சும்மா தர்றாங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா நாமளே புதுப்பிச்சுக்கணும். இல்லீன்னா பூட்டு செல்லாது, போன்ல செவப்பா எச்சரிக்கை வந்துரும்."

சும்மா தருகிறார்கள் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். எவன் உழைப்பு அது? அதைக் கேள் என்றேன். இரண்டு நாள் கழித்து நான்கு தாள் அச்செடுத்துக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். ஓப்பன் எஸ்எஸ்எல் என்று ஒரு மென்பொருள். செய்முறையை ஒளிக்காமல் ஊருக்கே திறந்து வைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் படித்துப் பார்க்கலாம். உலகத்தில் எத்தனையோ லட்சம் இணையதளங்கள் தங்கள் சர்வரில் அதை வைத்துத்தான் பூட்டுகின்றன. பல வருஷத்துக்கு முன்னால் அதில் ஓர் ஓட்டை இருப்பது வெளியே வந்ததாம். அன்றைக்குத்தான் பெரிய கம்பெனியெல்லாம், நம் கதவில் தொங்குவது யாருடைய பூட்டு என்று திரும்பிப் பார்த்தது. பார்த்தால், அத்தனை பேரும் நம்பியிருந்த பொருளை முழு நேரமும் கவனித்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய ஒரே ஓர் ஆள். மற்ற சில பேர் தங்கள் பிழைப்புப் போக மிச்ச நேரத்தில் வந்து பார்த்தவர்கள்.

ஐயா, அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நாற்பது வருஷம் நான் கத்திக்கொண்டிருந்த விஷயம் இதுதானே. உலகமே ஒருவன் உழைப்பில் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்கிறது, அவன் பெயரைக் கேட்டால் ஒருவனுக்கும் தெரியவில்லை. பிழைப்புப் போக மிச்ச நேரத்தில் வந்து, யாரும் கேட்காமல், யாரும் நன்றி சொல்லாமல். இந்த அநியாயத்தைப் பற்றித் தமிழில் ஒரு துண்டறிக்கைகூட இல்லை. நான் போட்டேன்.

ஆனால் துண்டறிக்கை என்றால் கணக்கு வேண்டும். உலகம், லட்சம் என்றால் எங்கள் ஊர்க்காரன் காதில் ஏறாது. கரூரில் எத்தனை என்று சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஏற்றுமதிக் கம்பெனி, பைனான்ஸ், காலேஜ், ஆஸ்பத்திரி, பஸ் பாடி முதலாளிகள், எத்தனை பேர் தளம் வைத்திருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் இந்த இலவசப் பூட்டில் பிழைக்கிறார்கள்? எடு கணக்கு என்றேன்.

எடுத்தாள். நாலு மாதம். அறுநூற்று முப்பத்தேழு தளம். ஒவ்வொன்றாக. ஒரு நீள நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள். சர்வரைத் தட்டிப் பார்ப்பாளாம். சில சர்வர், நான் இன்னார், என்னுடைய பூட்டு இன்னது என்று தானாகவே சொல்லிவிடும். சில சொல்லாது. வாயைக் கட்டி வைத்திருப்பார்கள்.

முடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அறுநூற்று முப்பத்தேழில் இருநூற்றெட்டுக்குப் பூட்டே இல்லை, கதவு திறந்து கிடக்கிறது. மிச்சம் நானூற்று இருபத்தொன்பது. அதில் நூற்று எழுபத்தொன்று நம்முடைய திறந்த பூட்டுத்தான், உறுதி. பதினெட்டு வேறு பூட்டு, அதுவும் உறுதி. பாக்கி இருநூற்று நாற்பதுக்கு நேராக ஒரு கட்டம் போட்டு, "தெரியாது" என்று எழுதியிருந்தாள்.

நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டறிக்கையில் தெரியாது என்று எப்படிப் போடுவது? நான் எத்தனை துண்டறிக்கை எழுதியிருக்கிறேன் தெரியுமா, முந்நூறுக்கு மேல். ஒன்றிலும் அந்த வார்த்தை வந்ததில்லை. தெரியாதவன் எதற்கு அறிக்கை விட வேண்டும்?

"இந்த இருநூற்று நாற்பதையும் அந்த நூற்று எழுபத்தொன்றோடு சேர்" என்றேன்.

"சேர்க்கக் கூடாதுங்க தோழர்."

"வேறு எதை வைத்துப் பூட்டியிருப்பான்? நீயே சொல். காசு கொடுத்து வாங்குகிற ஆட்களா இவர்கள்?"

"எதையாச்சும் வெச்சிருப்பாங்க. வெளிய நின்னுட்டு, உள்ள படுத்திருக்கறவன் பேரை எப்படிங்க சொல்றது? தெரியலைன்னா தெரியலைன்னுதானுங்களே போடணும்."

சின்னப் பெண். அரசியல் தெரியாது. நானே கூட்டினேன். நானூற்றுப் பதினொன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பார்த்தீர்களா, எண் எப்படி நிமிர்ந்து நிற்கிறது? தலைப்பே அதுதான். ‘நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! கரூர் முதலாளிகளின் கதவில் தொங்குவது எவன் வியர்வை?’ ஐயாயிரம் பிரதி. அடியில் ஒரு குறிப்புப் போடலாமா என்று கேட்டாள், சின்ன எழுத்தில், இருநூற்று நாற்பது தெரியவில்லை என்று. துண்டறிக்கைக்கு அடிக்குறிப்பு போட்ட சங்கம் உலகத்தில் உண்டா? விட்டுவிட்டோம். கீழே வழக்கம்போல, இப்படிக்கு, மு. அய்யாவு, பொதுச் செயலாளர்.

அந்த வருஷ மாநாட்டில் ஒரு தீர்மானமும் போட்டோம். முகம் தெரியாத அந்த உழைப்பாளர்களுக்கு நன்றி. மேடையில் ஒரு காலி நாற்காலி வைத்து, அவர்கள் சார்பாக அதற்குச் சிவப்புத் துண்டு அணிவித்தேன். எங்கள் பொருளாளர் மாரப்பன் ஒரு மாதிரியான ஆள். மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏனுங் தோழர், நாக்காலிக்குத் துண்டு போட்டா நாளைக்கு மேசையும் கேக்குமே" என்றான். மண்டபம் பூராவும் கேட்டுவிட்டது. சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த நாற்காலியைப் பார்த்துக் கண் கலங்கியது உண்மை.

நாற்காலியை மேடைக்குத் தூக்கி வந்தது நாகஜோதிதான். வேறு நாற்காலி காலி இல்லை, அவள் உட்கார்ந்திருந்ததையே கொண்டுவந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க லேப்டாப்பை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துக்கொண்டு நின்றபடியே வேலை பார்த்தாள். அப்படி ஒத்துழைப்புக் கொடுத்த பெண்தான். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இவ்வளவு கசக்கிறது.

நாமக்கல்லா? இல்லை, இன்னும் பரமத்தி தாண்டவில்லை. தண்ணீர் இருக்கிறதா? நன்றி.

மாநாடு முடிந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் வந்து நின்றாள். சேலத்தில் ஒரு காலேஜில் சர்வர், இணையதளம் எல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்களாம். அனுபவச் சான்று கேட்கிறார்களாம்.

"ஜெராக்ஸ் கடைல இருந்தத சொன்னா எடுக்க மாட்டாங்க தோழர். ஒம்பது வருசமா சைட்டு பாத்துக்கறேன், அந்தக் கணக்கெடுப்பு நான் பண்ணுனது, இது ரெண்டும் சங்க லெட்டர்பேடுல எழுதிக் குடுத்தீங்கன்னா போதுங்க."

நான் அவளை உட்காரச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். இயக்க வேலைக்குச் சான்றிதழ் கிடையாது அம்மா. இன்றைக்கு உனக்குக் கொடுத்தால் நாளைக்குக் கொடி பிடித்தவனும் கேட்பான், சுவரொட்டி ஒட்டியவனும் கேட்பான். இது சங்கம் செய்த வேலை. சங்கத்தில் தனி ஆள் பெயர் என்று ஒன்று இல்லை.

"நோட்டீசுல உங்க பேரு இருக்குதுங்களே."

"அது பெயர் இல்லை. பொறுப்பு."

சரி, நிர்வாகக் குழுவில் வைக்கிறேன் என்றேன். வைத்தேன். நான் வைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொருள் எண் பதினொன்று. பத்தாவது பொருளிலேயே மணி ஒன்பதரை ஆகிவிட்டது. ஒத்திவைத்தோம். அடுத்த மாதம் மறுபடி வைத்தேன். மாரப்பன், குடுத்துட்டுப் போலாமே தோழர் என்றான். அவனுக்குக் கோட்பாடு கிடையாது. ஒத்திவைத்தோம்.

அதற்குள் நேர்காணல் வந்துவிட்டது. இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? நம் துண்டறிக்கையையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இது நான் எடுத்த கணக்கு என்று காட்டினாளாம். அங்கே ஒருத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தொண்ணூற்றாறு எப்படி வந்தது, வெளியிலிருந்து இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதே என்று கேட்டிருக்கிறார். இவள், "இது தப்புங்க சார், சரியான கணக்கு இது" என்று அந்த நீள நோட்டை எடுத்து அவர்கள் முன்னால் விரித்து வைத்திருக்கிறாள்.

அவளே வந்து என்னிடம் சொன்னாள். மறைக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்லூரி முதலாளி ஒருவன் அறையில் உட்கார்ந்துகொண்டு, சங்கம் அச்சடித்த எண்ணைத் தப்பு என்று சொல்லிவிட்டு வருகிறாள். அதற்கு அவர்கள் வேலையும் கொடுத்துவிட்டார்கள். தற்காலிகமாக. நான்கு மாதத்துக்குள் அனுபவச் சான்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வேலை நிலைக்காது.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், நான்கு மாதம். வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. அதற்குப் பிறகு குழு இன்னும் கூடவில்லை. இடையில் மழை, பிறகு தேர்தல்.

போகிற அன்றைக்கு ஆபீசுக்கு வந்து, கடைசியாகப் பூட்டைப் புதுப்பித்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். எப்படிப் புதுப்பிப்பது, எந்தத் தேதிக்குள், என்ன அடிக்க வேண்டும், எல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்தாள். முறைப்படி பெற்றுக்கொண்டோம். ஒரு நோட்டுப் புத்தகம் பெறப்பட்டது என்று மினிட் புத்தகத்தில் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

மூன்று மாதம் ஆனது. பூட்டுச் செத்துப்போயிற்று. தளத்தைத் திறந்தால் போன் சிவப்பாகக் கத்துகிறது, இங்கே உங்கள் தகவலைத் திருடலாம் என்று. பட்டறையில் எல்லாம் பேச்சு. அய்யாவு பெயர்களை முதலாளிக்கு விற்கிறார் என்றுகூடப் பேசினார்கள். என்னை. வாரத்துக்குப் பதினைந்து வந்த புகார் இரண்டானது, பிறகு ஒன்றுமில்லை.

அதில் சடையப்பன் என்று ஒரு வெல்டர். கண் பொங்கிப்போய் இருந்தது அவனுக்கு. போனில் அனுப்பப் பயந்துகொண்டு ஆபீசுக்கு நேரில் நடந்து வந்தான். வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த டீக்கடை பெஞ்சுக்காரன் பார்த்துவிட்டான். அடுத்த நாள் காலையில் சடையப்பனை ஷெட்டுக்குள் விடவில்லை. பதினெட்டு நாளாக வீட்டில் இருக்கிறான். இரண்டு குழந்தை.

இதற்கு யார் பொறுப்பு? நான் கேட்கிறேன். தெரிந்துகொண்டே விட்டுவிட்டுப் போனவள்தானே.

போனில் கூப்பிட்டேன். எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். சடையப்பனைப் பற்றியும் சொன்னேன். "நோட்டுல பதிமூணாம் பக்கம் பாருங்க தோழர்" என்றாள்.

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் பொதுச் செயலாளராக இருக்கிறவனுக்குப் பக்க எண் சொல்கிறாள். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கே மெமோ எழுதினேன். சங்கப் பொறுப்பைப் பாதியில் விட்டுச் சென்றது, சங்கத்தின் அறிக்கையை வெளியார் முன் மறுத்தது, இரண்டு குற்றச்சாட்டு. ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம். தபாலில் அனுப்பலாம். ஆனால் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் முறை. அதனால்தான் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பதிமூன்றாம் பக்கமா? பார்க்கவில்லை. பீரோச் சாவி மாரப்பனிடம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவன்தான். நினைத்தேன், அவன் வந்துவிட்டான்.

சொல்லப்பா மாரப்பா. பஸ்ஸில் இருக்கிறேன். ஆண்டகளூர் கேட் வரப்போகிறது. என்ன... யார் திறக்கச் சொன்னது? குழு அனுமதி இல்லாமல் பீரோவை... சரி. சரி, சொல். நீயா அடித்தாய்? உனக்கு ஆங்கில எழுத்துத் தெரியுமா? எழுத்துக்கு எழுத்து அப்படியேவா. எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமா. வந்துவிட்டதா? நன்றாகப் பார்த்துச் சொல். சிவப்பு இல்லையே? சரி. சடையப்பன் வீட்டுக்கு யாரையாவது அனுப்பு. இல்லை, நீயே போ. நான் சாயங்காலம் கூப்பிடுகிறேன்.

பூட்டு வந்துவிட்டதாம்.

அந்தப் பதிமூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாளாம், "பயப்படாம அடிங்க, தப்பானா ஒண்ணும் கெட்டுப் போகாது" என்று. மாரப்பன் அதைப் படித்துவிட்டுத்தான் அடித்தானாம். ஐந்தாம் வகுப்புப் படித்தவன்.

நீங்கள் கேட்பது நியாயம்தான். இனி எதற்குப் போகிறேன்? திரும்பிப் போகலாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் எதிர்ப் பக்கம் கரூர் பஸ் கிடைக்கும்.

திங்கட்கிழமை. இன்றைக்கு வெள்ளி.

பேனா இருக்கிறதா? என்னுடையது கசிகிறது. லெட்டர்பேடு எப்போதும் பையில் இருக்கும், சீலும் இருக்கும். இருபத்தாறு வருஷமாக அதை நான் வீட்டில் வைத்துவிட்டு வந்ததில்லை. குழு ஒப்புதல் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். அவசரத்தில் செயலாளருக்கு அந்த அதிகாரம் உண்டு, விதி பதினெட்டு.

முன்னாலேயே கொடுத்திருக்கலாமா? முன்னால் அவசரம் இல்லையே.

உங்கள் பை கெட்டியாக இருக்கிறது, அதைக் கொஞ்சம் கொடுங்கள், வைத்து எழுத. வண்டி ஆடுகிறது. எழுத்துக் கோணலாகத்தான் வரும். ‘பெருமாள் மகள் நாகஜோதி எங்கள் சங்கத்தின் இணையதளத்தைக் கடந்த ஒன்பது ஆண்டுகளாக...’ பராமரிக்க உதவினார் என்று போடலாமா? பராமரித்தார் என்றா? பராமரித்தார் என்று போட்டால், அப்புறம் சங்கம் என்ன செய்தது என்று கேட்பார்கள். கேட்கமாட்டார்களா? காலேஜில் யார் கேட்கப் போகிறார்கள். சரி. பராமரித்தார்.

‘கரூர் மாவட்டத்தின் அறுநூற்று முப்பத்தேழு இணையதளங்களை ஆய்வு செய்து...’ எண்ணைப் போட வேண்டுமா? போடத்தான் வேண்டும். அந்தக் கண்ணாடிக்காரர் படிப்பார். தொண்ணூற்றாறு என்று போட்டால் அவள் அன்றைக்குப் பொய் சொன்னாள் என்று ஆகிவிடும். அவள் எண்ணைப் போட்டால் ஐயாயிரம் பிரதி... அது எங்கே இப்போது. பாதி மண்டபத்து வாசலிலேயே கிடந்தது. போண்டா மடித்துக் கொடுத்தார்கள்.

‘திறந்த மென்பொருள் உறுதி, நூற்று எழுபத்தொன்று. பிற, பதினெட்டு.’ அடுத்த வரியை நீங்கள் எழுதுகிறீர்களா? சும்மா கேட்டேன். கொடுங்கள். ‘இருநூற்று நாற்பது, தெரியாது.’ போட்டாயிற்று. மு. அய்யாவு. சீல் கொஞ்சம் மங்கலாக விழுந்திருக்கிறது. படிக்க முடிகிறதா? போதும்.

மல்லூர் தாண்டிவிட்டது. இனி இருபது நிமிஷம்.

இந்தக் கவரை மடிக்காமல் வைக்க வேண்டும். மெமோவா? அதையும் கொடுக்கத்தான் போகிறேன். ஏன் கிழிக்க வேண்டும்? அது வேறு, இது வேறு. நோட்டைப் பார்க்காதது எங்கள் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதை அவள் எழுதட்டும். விரிவாக எழுதட்டும். இரண்டு பக்கம், மூன்று பக்கம். என்னைத் திட்டி எழுதினாலும் அது சங்கத்துக்கு வந்த கடிதம், கோப்பில் வைப்போம்.

என் அனுபவத்தில் சொல்கிறேன் ஐயா. சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்ப ஒரு வரி எழுதியதில்லை. மெமோவுக்கு ஏழு நாளில் பதில் எழுதியாக வேண்டும்.